லாஸ் ஏஞ்சலஸ் மலைகளுக்குப் பனிப்புயல் எச்சரிக்கை, கீழே விடாத மழை: இது என்ன வானிலை?

கடலோரத்தான் | 23 பிப்ரவரி 2023, மாலை
தென் கலிபோர்னியாவில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு கேள்வி. பிப்ரவரி முடியப்போகிறது, வழக்கமாக இந்த நேரத்தில் பகலில் அரைக்கைச் சட்டையோடு நடக்கலாம், இப்போது என்னடா என்றால் லாஸ் ஏஞ்சலஸ், வென்ச்சுரா மாவட்ட மலைகளுக்குத் தேசிய வானிலைச் சேவை பனிப்புயல் எச்சரிக்கை விடுத்திருக்கிறது. ஹாலிவுட் எழுத்துகள் இருக்கும் குன்றிலேயே வெள்ளையாக ஏதோ விழுந்ததாகப் படம் சுற்றுகிறது. வார இறுதியில் பிள்ளைகளுக்குப் பனி காட்டலாம் என்று இரண்டு குடும்பமாக பிக் பேர் போகத் திட்டம், அறை எல்லாம் எடுத்தாயிற்று. போகலாமா? இன்னொரு நண்பர் 5ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே சான் ஹோசே போக வேண்டும், அவருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கார்மேகம் | 23 பிப்ரவரி
முதலில் எச்சரிக்கையின் அர்த்தத்தைப் பார்த்துவிடலாம். பனிப்புயல் எச்சரிக்கை என்றால் நிறையப் பனி விழும் என்பது மட்டும் இல்லை. காற்று மணிக்கு 35 மைலோ அதற்கு மேலோ வீசி, கால் மைலுக்கு அப்பால் கண் தெரியாத நிலை குறைந்தது மூன்று மணி நேரம் நீடிக்கும் என்று அர்த்தம். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட மலைகளுக்கு இப்படி ஒன்று கடைசியாக வந்தது 1989இல். சான் பெர்னார்டினோ மலைகளைக் கவனிக்கும் சான் டியேகோ அலுவலகம் இப்போதுதான் முதல்முறையாக இந்த எச்சரிக்கையை விடுக்கிறது. பிக் பேர் அந்த மலையில்தான் இருக்கிறது. இதற்கு மேல் யோசிக்க வேண்டாம், அறையை ரத்து செய்யுங்கள்.

ஏன் இப்படி என்றால், நமக்கு வழக்கமாக வரும் குளிர்கால மழை தென்மேற்கிலிருந்து, வெதுவெதுப்பான கடல் மேலாக வரும். அதில் பனி விழும் மட்டம் 6,000, 7,000 அடிக்கு மேலேயே நின்றுவிடும். இந்த முறை வடக்கே கனடாப் பக்கத்திலிருந்து ஒரு குளிர்ந்த மேலடுக்குத் தாழ்வு (வானில் உயரே உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு) கரையை ஒட்டியே நேராகத் தெற்கே இறங்கிவிட்டது. குளிர்காற்று கடல் மேல் வரும்போது ஈரத்தையும் அள்ளிக்கொள்கிறது. நிலத்தின் மேலாகவே இறங்கியிருந்தால் குளிர் மட்டும் இருந்திருக்கும், இந்தளவு பனி இருக்காது. கடல் மேலாகவே வந்திருந்தால் மழை மட்டும் இருந்திருக்கும். இரண்டும் சேர்ந்ததால் பனி மட்டம் 1,500 அடிக்கும் கீழே போகும் என்கிறார்கள். ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி செல்சியஸ் குறையும், அதனால் அடிவாரத்தில் கொட்டும் மழையைப் பார்த்து மலையை எடைபோடாதீர்கள்.

ஹாலிவுட் குன்றில் விழுந்தது பெரும்பாலும் கிராப்பல். பனித்துகளின் மேல் குளிர்ந்த நீர்த்துளிகள் ஒட்டி உறைந்து, விரலால் நசுக்கினால் உடையும் வெள்ளை உருண்டையாக விழும். ஆலங்கட்டி மாதிரி கெட்டியாக இருக்காது. நகரத்தின் மையப்பகுதியில் அளக்கும்படியாகப் பனி விழுந்தது கடைசியாக 1949 ஜனவரியில்தான். அதற்கு முன் 1932இல் 2 அங்குலம். அது இந்த முறை நடக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மலையோரம் | 23 பிப்ரவரி, இரவு
நான் சான் பெர்னார்டினோ மலையில் ஏரோஹெட் ஏரிப் பக்கம் இருக்கிறேன். தயவுசெய்து யாரும் பனி பார்க்க மேலே வராதீர்கள். உங்கள் வண்டி ஒரு வளைவில் சறுக்கி நின்றால் அதற்குப் பின்னால் பனி அகற்றும் வண்டியும் நிற்கும், ஆம்புலன்ஸும் நிற்கும். இங்கே மேலே வர இருப்பதே 18, 330, 38, 138 என்று நான்கு சாலைகள், எல்லாம் மலையை அறுத்துப் போட்டவை.

பனியில் வழுக்காமல் இருக்க டயரில் மாட்டும் சங்கிலி பற்றி அடுத்துக் கேட்பீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். சாலையில் ஆர்1 என்று பலகை போட்டால் சாதாரணக் கார்கள் பனி டயர் இருந்தால் சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு போகலாம். ஆர்2 என்றால் நான்கு சக்கர இயக்கமும் நான்கிலும் பனி டயரும் இருக்கும் வண்டிக்கு மட்டும்தான் விலக்கு, அவர்களும் சங்கிலி வைத்திருக்க வேண்டும். ஆர்3 என்றால் யாருக்கும் விலக்கு இல்லை. ஆனால் ஆர்3 வரும் நிலையில் பெரும்பாலும் சாலையையே மூடிவிடுவார்கள்.

சான் ஹோசே போகும் நண்பரைக் கடற்கரை ஓரமாக 101இல் போகச் சொல்லுங்கள். 5ஆம் எண் சாலை தெஹோன் கணவாயில் 4,144 அடி ஏறுகிறது, கொஞ்சம் பனி பிடித்தாலே அங்கே அடைத்துவிடுவார்கள்.

கடலோரத்தான் | 25 பிப்ரவரி
அறையை ரத்து செய்துவிட்டோம், நன்றி. 5ஐ நிஜமாகவே மூடிவிட்டார்கள், நண்பர் 101இல் போய்ச் சேர்ந்துவிட்டார். கீழே எங்கள் தெருவில் தண்ணீர் முழங்கால் அளவு ஓடுகிறது. லாஸ் ஏஞ்சலஸ் ஆற்றைப் போய்ப் பார்த்தேன், கரை முட்ட ஓடுகிறது. மூன்று வருடம் தண்ணீர் இல்லை என்று புல்லுக்கு விடாதே, வண்டி கழுவாதே என்றார்கள், இப்போது இவ்வளவும் நேராகக் கடலுக்குப் போகிறது. அதைப் பார்க்கத்தான் மனசு கேட்கவில்லை.

தனிவழி | 25 பிப்ரவரி
பூமி சூடாகிறது, கலிபோர்னியா பாலைவனமாகிறது என்று பத்து வருடமாகக் கேட்கிறோம். இப்போது பனைமரத்துக்கு மேல் பனி. யாராவது விளக்குங்கள், குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே எனக்கு இது பொருந்தவில்லை.

நீர்க்கணக்கு | 26 பிப்ரவரி
தனிவழி, நியாயமான கேள்விதான். நீர்வளத் துறையில் வேலை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரு குளிர்ந்த காற்றுத் திரள் தெற்கே இறங்குவது எப்போதும் நடந்திருக்கிறது, இனியும் நடக்கும். சராசரி வெப்பம் ஒன்றிரண்டு டிகிரி ஏறினால் குளிர்காலம் காணாமல் போய்விடாது. மாறுவது என்னவென்றால், காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் கொட்டும்போது அதிகம் கொட்டுகிறது, நிற்கும்போது மண்ணிலிருந்து அதிகம் உறிஞ்சுகிறது. காய்ந்தும் கெடுக்கும் பெய்தும் கெடுக்கும் என்று மழையைப் பற்றி நம் ஊரில் சொல்வது இந்த மாநிலத்துக்கு எழுதிவைத்தது மாதிரி இருக்கிறது. 2015 ஏப்ரல் முதல் தேதி சியரா நெவாடா மலையின் பனிக்கையிருப்பு (மலையில் தங்கியிருக்கும் பனிக்குள் உள்ள தண்ணீர்) அந்த நாளின் சராசரியில் வெறும் 5 சதவீதம். அன்றைய ஆளுநர் ஜெர்ரி பிரவுன், வழக்கமாகப் பனி அளக்கும் பிலிப்ஸ் நிலையத்தில் வெறும் புல்தரையில் நின்று தண்ணீர்க் கட்டுப்பாட்டை அறிவித்தார். 2020 முதல் 2022 வரையிலான மூன்று வருடம் இந்த மாநிலம் பதிவு செய்ததிலேயே மிக வறண்டது. அதை ஒட்டியே, டிசம்பர் 26இலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை வரிசையாக ஒன்பது வளிமண்டல ஆறுகள், அதாவது கடலிலிருந்து நீராவியைச் சுமந்து வரும் நீண்ட காற்றுப் பட்டைகள், வந்தன. இப்போது இது. இந்த ஒரு புயலை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுத முடியாது, வரிசையாகப் பார்த்தால்தான் ஆட்டம் எவ்வளவு பெரிதாகிறது என்று தெரியும்.

கடலோரத்தான், ஆறு கடலுக்குப் போவது பற்றி: அதை அப்படிப் போகத்தான் கட்டினார்கள். 1938இல் பெரிய வெள்ளம் வந்து உயிர்கள் போன பிறகு, தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் ஊரைவிட்டு ஓடுகிறதோ அவ்வளவு நல்லது என்று ஆற்றுக்குக் கான்கிரீட் போட்டார்கள். அன்றைக்கு அது சரியான முடிவாகத் தெரிந்தது. இன்று அதே கால்வாய்க்குப் பக்கத்தில் நிலத்தடிக்குத் தண்ணீர் இறக்கும் குளங்களுக்கு இடம் தேட வேண்டியிருக்கிறது.

பாதாம்பூ | 27 பிப்ரவரி
எல்லோரும் நகரத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், மத்தியப் பள்ளத்தாக்கில் ஃபிரெஸ்னோ பக்கத்திலிருந்து நானும் சொல்கிறேன். இதே மழையும் குளிரும் டிசம்பரில் வந்திருந்தால் நாங்கள் கொண்டாடியிருப்போம். இப்போது பாதாம் பூத்திருக்கும் நேரம். பிப்ரவரி நடுவில் தொடங்கி மார்ச் தொடக்கம் வரை, அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைக்கும் நாட்கள். உலகத்தின் பாதாமில் ஐந்தில் நான்கு பங்கு இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து போகிறது, அதற்காக நாடு முழுவதிலுமிருந்து இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட தேனீப் பெட்டிகள் லாரியில் வருகின்றன. 13 டிகிரிக்குக் கீழே தேனீ வெளியே வராது. மழையிலும் வராது, காற்றிலும் வராது. பூ மரத்தில் இருக்கிறது, பெட்டி மரத்தடியில் இருக்கிறது, இரண்டும் சந்திக்கவில்லை. ஈர மண்ணில் காற்று அடித்து மரங்கள் வேரோடு சாய்ந்திருக்கின்றன, மருந்து அடிக்க டிராக்டர் உள்ளே போக முடியவில்லை. தண்ணீர் வந்ததில் சந்தோஷம்தான், ஆனால் காலம் தப்பி வந்ததை எங்களால் முழுசாக வரவேற்க முடியவில்லை.

மலையோரம் | 2 மார்ச்
இன்றுதான் இணையம் வந்தது. எல்லோருக்கும் நிலைமை தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஏரோஹெட் சுற்றுவட்டாரத்தில் 100 அங்குலத்துக்கும் மேல் பனி. வாசல் கதவைத் திறந்தால் சுவர் மாதிரி நிற்கிறது, மாடி வழியாகத்தான் வெளியே வருகிறோம். நெடுஞ்சாலையை ஒரு தடம் திறந்திருக்கிறார்கள், உள்தெருக்கள் அப்படியே கிடக்கின்றன. இங்கே இருக்கும் பனி அகற்றும் வண்டிகள் ஓரளவு பனியைத் தள்ளத்தான் ஆகும், இந்த உயரத்தைத் தள்ள முடியாது. லோடர் வைத்து அள்ளி, லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோக வேண்டும், அதற்கு ஒவ்வொரு தெருவுக்கும் மணிக்கணக்கில் ஆகிறது. பக்கத்து மலை ஊரான கிரெஸ்ட்லைனில் ஊர் முழுவதும் நம்பியிருந்த மளிகைக்கடையின் கூரை பனி பாரத்தில் இறங்கிவிட்டது. நேற்று ஆளுநர் 13 மாவட்டங்களுக்கு அவசரநிலை அறிவித்திருக்கிறார்.

எங்கள் தெருவில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா தனியாக இருக்கிறார், ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர், மின்சாரம் போய்ப் போய் வருகிறது. இளைஞர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து அவர் வீட்டுக்கு ஒரு ஆள் நடக்கும் அகலத்தில் பாதை வெட்டினோம். மேலே உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அழைத்துப் பேசுங்கள். நலமா என்று மட்டும் கேட்காதீர்கள், நலம் என்றுதான் சொல்வார்கள். மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது, அடுப்பு எரிகிறதா, வெளியே வரக் கதவு திறக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்று. ஹீட்டர், வெந்நீர்க் கருவி ஆகியவற்றின் புகைக்குழாய் கூரையிலோ பக்கச் சுவரிலோ வெளியே வரும், அதைப் பனி மூடிவிட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ளேயே தங்கும், வாசனை எதுவும் இருக்காது. எரிவாயு மீட்டரைச் சுற்றியும் கையால் பனியை எடுத்துவிடுங்கள், மண்வெட்டி வைத்துக் குத்தாதீர்கள்.

கடலோரத்தான் | 2 மார்ச்
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. அந்த அம்மாவுக்கு ஏதாவது அனுப்ப வழி இருந்தால் சொல்லுங்கள். கூரையைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும், பனி பஞ்சு மாதிரி இலேசாகத்தானே இருக்கும், ஒரு கடையின் கூரையே எப்படி விழும்?

நீர்க்கணக்கு | 3 மார்ச்
பனியின் உயரத்தைப் பார்க்கக்கூடாது, அதற்குள் இருக்கும் தண்ணீரைப் பார்க்க வேண்டும். புதிதாக விழும் பனியில் பத்து அங்குலத்துக்கு ஓர் அங்குலம் தண்ணீர் என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். 100 அங்குலம் விழுந்தால் 10 அங்குலத் தண்ணீர், அதாவது 254 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அப்படியென்றால் சதுர மீட்டருக்கு 254 கிலோ. நூறு சதுர மீட்டர் கூரை மேல் 25 டன்னுக்கும் மேல் உட்கார்ந்திருக்கிறது. பனி தானாக அமுங்கி உயரம் பாதியானாலும் எடை அப்படியேதான் இருக்கும், அதனால் "குறைந்துவிட்டது" என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம். காற்று ஒரு பக்கமாகக் குவித்துவிட்டால் அந்த மூலையில் இதைவிட அதிகம். தட்டையான கூரைக்கும் பிற்பாடு சேர்த்துக் கட்டிய தாழ்வாரத்துக்கும்தான் ஆபத்து கூட.

கதவுகள் திடீரென்று சிக்கினாலோ, உள்கூரையில் புது விரிசல் தெரிந்தாலோ, மரம் முறியும் சத்தம் கேட்டாலோ வெளியே வந்துவிடுங்கள். சாமான் எடுக்கத் திரும்பப் போகாதீர்கள். கூரையில் ஏறித் தள்ளுகிறேன் என்று யாரும் தனியாக ஏறவும் வேண்டாம்.

மலையோரம் | 8 மார்ச்
அடுத்து வெதுவெதுப்பான மழை வருகிறது என்கிறார்கள், ஹவாய்ப் பக்கத்திலிருந்து. நீர்க்கணக்கு அண்ணா, இவ்வளவு பனி மேல் மழை பெய்தால் எல்லாம் ஒரே நாளில் உருகி இறங்கிவிடுமா? இங்கே மக்கள் பயந்துபோயிருக்கிறார்கள்.

நீர்க்கணக்கு | 8 மார்ச்
ஒரே நாளில் இறங்காது, ஆனால் பயப்பட வேறு காரணம் இருக்கிறது. மழைத்தண்ணீரிடம் பனியை உருக்கும் அளவுக்குச் சூடு கிடையாது. 10 டிகிரி செல்சியஸில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தாலும் அது உருக்குவது 12 மில்லிமீட்டர் தண்ணீருக்குச் சமமான பனியைத்தான். உருக்குவது கூடவே வரும் ஈரக்காற்று. நீராவி பனி மேல் படிந்து தண்ணீராகும்போது ஒரு கிலோவுக்கு ஏழு கிலோவுக்கு மேல் பனிக்கட்டியை உருக்கும் வெப்பம் வெளியாகிறது. அதனால் மழை அளவோடு காற்றின் வேகத்தையும் இரவின் வெப்பநிலையையும் பாருங்கள்.

உயரமான இடங்களில் இருக்கும் ஆழமான, குளிர்ந்த பனி முதலில் மழையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அது நிறைந்த பிறகுதான் விடும். ஆபத்து 5,000 அடிக்குக் கீழே மெல்லிசாகக் கிடக்கும் பனியில்தான், அது மழையோடு சேர்ந்து உடனே இறங்கிவிடும், சியராவின் அடிவார ஆறுகளில் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். உங்கள் ஊரில் கூரைதான் பிரச்சினை, ஏனென்றால் உறிஞ்சிய மழையும் அங்கேயே எடையாகத் தங்கும். சாக்கடை வாய், மழைநீர்க் குழாய், வீட்டுக்கு மேல்பக்கச் சரிவு, மூன்றையும் இன்றைக்கே திறந்துவிடுங்கள், தண்ணீர் போக வழி இருந்தால் போய்விடும்.

பாதாம்பூ | 12 மார்ச்
மான்டரே மாவட்டத்தில் பஹாரோ ஆற்றின் கரை நேற்று முன்தினம் நள்ளிரவை ஒட்டி உடைந்துவிட்டது. ஊர் முழுக்கத் தண்ணீர். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் ஸ்ட்ராபெரித் தோட்டங்களில் கூலி வேலை செய்யும் குடும்பங்கள், வீடும் போயிற்று, வேலை பார்க்கும் தோட்டமும் தண்ணீருக்குள். அந்தக் கரை பலவீனமானது என்று பல வருடங்களாகத் தெரியும். நிலத்தின் மதிப்பு குறைவு என்பதால் செலவுக்கு ஏற்ற பயன் இல்லை என்று கணக்குப் போட்டுத் தள்ளிப்போட்டார்கள். ஏழைகளின் ஊருக்குக் கரை கட்டுவது எப்போதும் கணக்கில் தோற்றுவிடும், இந்தக் கணக்கு முறையே தவறு என்று நான் நினைக்கிறேன். ஓரோவில் அணையிலும் 10ஆம் தேதி பிரதான உபரிநீர் மதகைத் திறந்துவிட்டார்கள், 2019க்குப் பிறகு இப்போதுதான்.

தனிவழி | 13 மார்ச்
முன்பு விளக்கியதற்கு நன்றி. இப்போது வேறு சந்தேகம். முப்பது வருடத்துக்கு ஒருமுறை வரும் பனிக்காக ஒரு மிதமான ஊர் கோடிக்கணக்கில் இயந்திரம் வாங்கி வைத்திருக்க முடியுமா? மீதி வருடங்களில் அவை துருப்பிடித்துக் கிடக்கும். வரிப்பணம்தானே.

மலையோரம் | 14 மார்ச்
முடியாது, அதை நாங்களும் கேட்கவில்லை. பெரும் பனி விழும் முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. லோடர்களும் ஊதி எறியும் இயந்திரங்களும் வடக்கே சியரா ஊர்களில் இருக்கின்றன, தனியார் ஒப்பந்தக்காரர்களிடம் இருக்கின்றன. பனி விழும் முன்னால் அவற்றை மலைமேல் கொண்டுவந்து நிறுத்த முடியும், விழுந்த பிறகு மேலே ஏற்றவே வழி இருக்காது. தனியாக இருக்கும் முதியவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், ஆக்சிஜனில் இருப்பவர்கள் யார் எங்கே என்று ஒரு பட்டியல் முன்கூட்டியே தேவை. அதற்குப் பெரிய செலவே கிடையாது. சாலை அடைபட்டிருந்த நாட்களில் இந்த மலை ஊர்களில் ஒரு டஜனுக்கும் மேற்பட்டவர்கள் இறந்து கிடந்தார்கள். நேரடியாகப் புயலோடு அதிகாரிகள் இணைத்துச் சொன்னது ஒரு சாலை விபத்தை மட்டும்தான், மற்றவர்கள் பெரும்பாலும் நோயில் இறந்தார்கள் என்கிறார்கள். இருக்கலாம். மருந்தும் மருத்துவரும் போய்ச் சேர்ந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் இன்று இருப்பார்கள் என்ற கேள்வியை நான் விடமாட்டேன்.

கார்மேகம் | 23 மார்ச்
இந்த மாதம் இன்னும் ஓயவில்லை. நேற்று லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கத்து ஊரான மான்டபெல்லோவில் இறங்கிய சுழற்காற்றை ஈஎஃப்1 (0 முதல் 5 வரையான சுழற்காற்று அளவுகோலில் 1) என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள், லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 1983க்குப் பிறகு இவ்வளவு வலுவாக ஒன்று வந்ததில்லை. கூரைத் தகடுகள் பறக்கும் காணொளியை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். இதுவும் அதே குளிர்ந்த மேலடுக்குத் தாழ்வு வகைதான், மேலே மிகக் குளிர், கீழே ஓரளவு வெதுவெதுப்பு, நடுவில் காற்று திசை மாறினால் இப்படிச் சுழலும்.

நீர்க்கணக்கு | 4 ஏப்ரல்
நேற்று பிலிப்ஸ் நிலையத்தில் அளந்தார்கள். 126.5 அங்குலப் பனி, அதற்குள் 54 அங்குலத் தண்ணீர், அந்த இடத்தின் சராசரியில் 221 சதவீதம். மாநிலம் முழுவதுக்கும் சராசரியில் 237 சதவீதம். 2015இல் புல்தரையில் நின்று அறிவித்த அதே இடம்தான். இனி கவலை எல்லாம் உருகும் வேகத்தைப் பற்றியது, தெற்கே முன்பு டுலாரே ஏரி இருந்து வற்றி வயலான பள்ளத்தில் ஏற்கெனவே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு வெப்ப அலை வந்தால் அங்கே நிலைமை இன்னும் மோசமாகும்.

கடலோரத்தான் | 5 ஏப்ரல்
மலையோரம், அந்த அம்மா எப்படி இருக்கிறார்?

மலையோரம் | 5 ஏப்ரல்
நன்றாக இருக்கிறார், மகள் வந்து கீழே அழைத்துப் போயிருக்கிறார். எங்கள் தெருவில் ஒரு தாளில் எல்லோர் பெயரும் எண்ணும் மருந்துத் தேவையும் எழுதி மூன்று வீட்டில் வைத்திருக்கிறோம், மீட்டர் இருக்கும் இடத்தில் உயரமான கம்பு நட்டு அடையாளம் கட்டுகிறோம். கூரையைப் பார்க்க ஒரு கட்டடப் பொறியாளர் இந்த வாரம் வருகிறார், அவர் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.